மேப்பிள் கிரீக் ராஞ்சுக்கு வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, கனடாவின் சஸ்காட்சுவன் மாகாணத்தில் மேப்பிள் கிரீக் பக்கம் ஒரு ராஞ்சில், அதாவது பெரிய மாட்டுப் பண்ணையில், மாடு பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ராஞ்ச்காரர்கள் குடும்பம் குட்டியோடு எப்படி வாழ்கிறார்கள், நாம் அங்கே ஒட்ட முடியுமா, மாட்டிறைச்சி தொடாதவர்கள் இந்த வேலையைச் செய்யலாமா என்பதும் உங்கள் கேள்வி.

நான் காங்கேயத்துக்காரன். இந்தப் பக்கம் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. என் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். நான் வேலை பார்க்கும் ராஞ்சின் முதலாளி, தாத்தா காலத்திலிருந்து இதே மண்ணில் மாடு வளர்க்கும் குடும்பத்தில் வந்தவர். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். இங்கே எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம், எழுதும் வசதிக்கு முதலாளி என்கிறேன். இந்த வாழ்க்கையை நான் தெரிந்துகொண்டது அவர் வீட்டில்தான். அதனால் அவர் வீட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு வீட்டில் ஒருவர் மட்டும் போய்வர முடியாது, வீடே போக வேண்டும். உங்கள் மனைவி மனசாரச் சரி என்றால் வாருங்கள். அவர் அரை மனசாக இருந்தால் கால்கரி, ரெஜைனா மாதிரிப் பெரிய நகரத்தில் வேறு வேலை தேடுங்கள்.

மேப்பிள் கிரீக் இரண்டாயிரம் பேர் சொச்சம் இருக்கும் ஊர். கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஹாக்கி அரங்கு எல்லாம் உண்டு. பெரிய கடைக்குப் போக வேண்டுமானால் ஆல்பர்ட்டா எல்லை தாண்டி மெடிசின் ஹாட், சுமார் 100 கிலோமீட்டர். தெற்கே சைப்ரஸ் மலை, மற்ற பக்கமெல்லாம் புல். ஆண்டுக்கு 350 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் மழை, அதிலும் ஒரு பங்கு பனியாக விழும். காங்கேயம், தாராபுரத்தில் பெய்வதை விட இது குறைவு. அதனால் ஒரு பசுவும் கன்றும் கோடை முழுக்க மேய 20, 30 ஏக்கர் தேவைப்படும். எங்கள் முதலாளியிடம் இருப்பது 300 பசு. நிலத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் சொந்தம், கொஞ்சம் அரசுக் குத்தகை. அடுத்த வீடு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி. கொறங்காடு என்னும் நம் மேய்ச்சல் காட்டில் கிளுவை வேலிக்குள் மாட்டை விட்டு, ஒரு காட்டுக்கு ஓய்வு கொடுத்து இன்னொரு காட்டுக்கு மாற்றிப் பழகிய நமக்கு இந்த மேய்ச்சல் முறை புதிதில்லை. அளவுதான் மலைக்க வைக்கும்.

மார்ச் கடைசியிலிருந்து மே வரை கன்று ஈனும் காலம். ஜூனில் காளையைச் சேர்த்தால் 283 நாள் கணக்கில் அப்போதுதான் வரும். இந்த இரண்டு மாதமும் வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. தலைச்சன் கிடேரிகளை வீட்டை ஒட்டிய பட்டிக்குக் கொண்டுவந்து, ராத்திரி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்க்க வேண்டும். முதலாளி வீட்டில் முறை வைத்திருக்கிறார்கள். பத்து மணிக்கு மூத்த மகள், ஒரு மணிக்கு அப்பா, நாலு மணிக்கு நான், விடிந்ததும் வேலைக்குக் கிளம்புமுன் அம்மா. சமையலறைச் சுவரில் ஒரு நோட்டு தொங்கும். எந்தக் காது வில்லை எண் எத்தனை மணிக்கு ஈன்றது, கிடேரியா காளையா, சீம்பால் குடித்ததா என்று பார்த்தவர்கள் எழுதிவிட்டுப் படுப்பார்கள்.

மந்தையை விட்டு ஒதுங்கி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மாட்டைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்தில் நகர்வு இல்லையென்றால் கை விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு முன்னங்காலும் மூக்கும் தட்டுப்பட்டால் கவலையில்லை. குளம்பின் அடி மேல்பக்கம் பார்த்திருந்தால் பெரும்பாலும் கன்று பின்பக்கமாக வருகிறது, தாமதிக்கக் கூடாது. சங்கிலியைக் கணுவுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று போட்டு, மாடு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். முதலாளி இழுக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். மகள் மாட்டின் தலைப்பக்கம் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

ஏப்ரலில் பனிப்புயல் வரும். ஈரத்தோடு விழுந்த கன்றுக்குக் காது நுனியும் வால் நுனியும் உறைந்துபோகும். அந்தக் கன்றைத் தூக்கி, ட்ரக்கில் ஹீட்டர் அடிக்கும் காலடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவோம். துணி துவைக்கும் அறையில் பழைய துண்டு வைத்துத் தேய்ப்பது கடைக்குட்டிப் பையனின் வேலை. சிறுவன்தான். வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பான். வாய் சூடேறி விரலைச் சப்ப ஆரம்பித்தால், "அம்மா, பால்!" என்று கத்துவான். சீம்பால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. வீட்டில் பேச்சே அதுதான்.

சில கன்றுகள் பிழைக்காது. அப்போது செத்த கன்றின் தோலை உரித்து, கால் நுழைய ஓட்டை போட்டு, தாயில்லாத இன்னொரு கன்றின் மேல் சட்டையாகக் கட்டிவிடுவார்கள். தாய் முகர்ந்து பார்க்கும். தன் கன்றின் வாசம் வந்தால் மடியைக் கொடுத்துவிடும். சில நாளில் தோலை அவிழ்த்துவிடலாம். நம் ஊரில் செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தாய் முன்னால் நிறுத்திப் பால் கறப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே பாலுக்காகச் செய்தது, இங்கே ஒரு அநாதைக் கன்று பிழைக்க உதவுகிறது. இதை முதல்முறை பார்த்தபோதுதான் இந்த மனிதர்களோடு நமக்கு ஒட்டும் என்று எனக்குத் தைரியம் வந்தது.

அடுத்தது பணம். முதலாளியின் மனைவி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெரும்பாலான ராஞ்ச் வீடுகளில் கணவனோ மனைவியோ டவுனில் நர்ஸ், டீச்சர், பேங்க் என்று ஏதாவது ஒரு வேலையில் இருப்பார்கள். மாட்டு வருமானம் வருஷத்துக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில் கன்று விற்கும்போது வருவது. மாசச் சம்பளமும் பல் வைத்தியம், மருந்துக்கான காப்பீடும் அந்த டவுன் வேலையில்தான் வரும்.

2003 மே 20 அன்று ஆல்பர்ட்டாவில் ஒரே ஒரு மாட்டுக்கு, மூளையைத் தாக்கும் பித்த மாட்டு நோய் (மேட் கவ்) என்று அறிவித்தார்கள். அமெரிக்கா உடனே எல்லையை மூடியது. 30 மாதத்துக்கு உட்பட்ட மாடுகள் மறுபடி உயிரோடு எல்லை தாண்ட 2005 ஜூலை ஆகிவிட்டது. அந்த இரண்டு வருஷமும் கிழட்டுப் பசுவை லாரியில் ஏற்றினால் லாரி வாடகைக்குக்கூடக் கட்டாது என்று முதலாளி சொல்வார். அப்போது அவர்கள் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். மனைவி சம்பளத்தில்தான் வட்டி கட்டி நிலத்தைக் காப்பாற்றினார்கள். இதை அவர் யார் முன்னாலும் சொல்வார், கூச்சப்படமாட்டார். அப்புறம் 2021-இல் கடும் வறட்சி. புல் இல்லை, வைக்கோல் விலை எங்கேயோ போனது, இருந்த பச்சையை வெட்டுக்கிளி தின்றது. பல வருஷம் தேர்ந்தெடுத்து வளர்த்த பசுக்களில் எதை விற்பது என்று கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து வைத்து ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். இப்போது கன்று விலை இதுவரை இல்லாத உயரத்தில் இருக்கிறது. இருந்தாலும் அந்த வீட்டில் யாரும் ஆடம்பரம் செய்யவில்லை, கடனைத்தான் அடைக்கிறார்கள்.

ஜூன் வாக்கில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாள் வரும். சுற்றுவட்டாரக் குடும்பங்கள் எல்லாம் குதிரையோடு வந்து இறங்கும். குதிரைமேல் இருப்பவர் கன்றின் பின்னங்காலில் கயிறு வீசி நெருப்புப் பக்கம் இழுத்து வருவார். இரண்டு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள், ஒருவர் சூடு வைப்பார், ஒருவர் ஊசி போடுவார், ஒருவர் காயடிப்பார். சிறு பிள்ளைகள் ஊசி மருந்தை நிரப்பிக் கொடுப்பார்கள். ஒரு கன்றுக்கு ஒன்றிரண்டு நிமிஷம்தான். இதற்குக் கூலி கிடையாது. நம் ஊர் மொய் போலத்தான் இந்த உழைப்பு. இன்று அவர்கள் வந்தால் அடுத்த வாரம் நாம் அவர்கள் பட்டிக்குப் போக வேண்டும். நீங்கள் மனைவி பிள்ளைகளோடு போய் நில்லுங்கள். ஊரில் ஒட்டுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டில் ரோஸ்ட் பீஃப்தான் நடு மேஜையில் இருக்கும். முதலாளியம்மா எங்களுக்கென்று கோழி தனியாக வைப்பார். என் மனைவி தக்காளிச் சோறு கொண்டுபோவாள், அதுதான் முதலில் காலியாகும்.

இறைச்சி விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாங்கள் இன்றுவரை மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. யாரும் கட்டாயப்படுத்தியதும் இல்லை, முகம் சுளித்ததும் இல்லை. ஆனால் நீங்கள் வளர்க்கப்போகும் கன்று அறுப்புக்குத்தான் போகும். அக்டோபர், நவம்பரில் தாயிடமிருந்து பிரிப்போம். தாய்கள் இரண்டு மூன்று நாள் ராத்திரி பகலாகக் கத்தும், வீட்டுக்குள் தூங்கவே முடியாது. கன்றுகள் சுமார் 250 கிலோ இருக்கும்போது ஏலத்துக்குப் போய், தீனி போட்டுக் கொழுக்க வைக்கும் ஃபீட்லாட்டுக்குப் போய், அங்கிருந்து இறைச்சி ஆலைக்குப் போகும். நம் சந்தையில் கேரள லாரி ஏறும் மாடு எங்கே போகிறது என்பதும் நமக்குத் தெரிந்ததுதானே. இதை மனசில் தீர்த்துக்கொண்டு வாருங்கள். வந்த பிறகு யோசித்தால் மாட்டுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

இங்கே பிள்ளைகளும் இதைச் சின்ன வயதிலேயே கற்கிறார்கள். ஃபோர்-எச் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்கான சங்கம் இருக்கிறது. கனடாவில் 1913-இல் மனிடோபாவில் ஆரம்பித்தது. ஒரு பிள்ளை இலையுதிர் காலத்தில் ஒரு காளைக் கன்றைத் தேர்ந்தெடுத்து, குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டு, எடை, செலவு எல்லாம் நோட்டில் எழுதி, குளிப்பாட்டி, கயிற்றில் நடக்கப் பழக்கி, கோடை ஆரம்பத்தில் கண்காட்சிக்குக் கொண்டுபோய் அங்கேயே விற்றுவிட வேண்டும். முதலாளியின் நடு மகள் முதல்முறை விற்ற அன்று கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கயிற்றைத் தானாக விடும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு இரண்டு பேருமாக ட்ரக்கில் ஏறினார்கள். அடுத்த வருஷமும் அவள் கன்று எடுத்தாள்.

அவர் எப்படிப்பட்ட தகப்பன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிள்ளைகளோடு தனியாக விளையாட அவருக்கு நேரம் இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் 600 கிலோ புல் உருளைகளைக் கட்டி அடுக்கும் வேலை இருட்டும்வரை நடக்கும், இங்கே கோடையில் இருட்டவே பத்து மணி ஆகும். நீண்ட விடுமுறை, சுற்றுலா எல்லாம் கிடையாது. ஆனால் பிள்ளைகள் நாள் முழுக்க அவர் கண்ணெதிரே இருப்பார்கள், அவர்களுக்கும் அவர் கண்ணெதிரே. குளிர்காலத்தில் மகளின் ஹாக்கி ஆட்டத்துக்கு, மாட்டுக்குத் தீனி போட்ட கையோடு 100 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் நிற்பார். 2021 கணக்கெடுப்பில் கனடா விவசாயிகளின் சராசரி வயது 56. நிலம் விற்கும் விலையில் இளசுகள் புதிதாக வாங்கி உள்ளே வர முடியாது. மூத்த மகளுக்கு இந்த ராஞ்ச் வேண்டும், மற்ற இரண்டு பேருக்கும் அநியாயம் நடக்கக் கூடாது. எப்படிக் கைமாற்றுவது என்று இப்போதே பேசுகிறார்கள். பாகப்பிரிவினையில் உடைந்த குடும்பங்களை நம் ஊரில் நிறையப் பார்த்தவன் என்பதால், அந்தப் பேச்சை அவர்கள் பிள்ளைகள் முன்னாலேயே பேசுவதை நான் மதிக்கிறேன்.

குளிரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். மைனஸ் 30 வரும், சில நாள் 40. அந்தக் குளிரிலும் மாட்டுக்குத் தீனி போக வேண்டும், தண்ணீர் உறையாமல் இருக்க வேண்டும். கார் இன்ஜின் உறையாமல் இருக்க அதன் ஹீட்டரை ராத்திரி கரண்டில் சொருகி வைக்க வேண்டும். பழகிவிடும். எனக்குப் பயம் குளிரைவிடத் தனிமைதான். பகல் முழுக்க வீட்டில் ஒண்டியாக, கார் ஓட்டத் தெரியாமல், பேச ஆள் இல்லாமல் இருந்தால் உங்கள் மனைவி ஒரு குளிர்காலம் தாங்கமாட்டார். மாகாண அரசு ஓட்டிய பஸ்ஸும் 2017-இல் நின்றுவிட்டது. அதனால் அவர் வந்த உடனே லைசென்ஸ் எடுக்க வேண்டும், டவுனில் ஏதாவது ஒரு வேலையில் சேர வேண்டும். என் மனைவி முதியோர் இல்லத்தில் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் திரும்பியது.

கையெழுத்துப் போடுமுன் உங்களுக்கு வேலை தரும் முதலாளியிடம் இதைக் கேளுங்கள். தங்க வீடு தருவாரா, வாடகை பிடிப்பாரா? ஸ்கூல் பஸ் வாசல்வரை வருமா? மனைவி ஓட்ட வண்டி கிடைக்குமா? கன்று ஈனும் காலம் முடிந்ததும் சேர்ந்தாற்போல் எத்தனை நாள் லீவு? சஸ்காட்சுவனில் பண்ணை, ராஞ்ச் வேலைக்கு ஓவர்டைம் விதிகள் பொருந்தாது, ஆகவே பேசியது எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டதற்குக் கோபப்படும் முதலாளியாக இருந்தால் அங்கே போகாதீர்கள்.

எல்லாம் சரியாக அமைந்தால் மே கடைசியில் வந்து சேருங்கள். புல் பச்சையாக இருக்கும், பிள்ளைகளுக்கு ஊர் பழகக் கோடை முழுக்கக் கிடைக்கும். குளிர் உடுப்பைக் கிளம்புமுன் அங்கே வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். என் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன ஜாக்கெட்டும் பூட்ஸும் எங்கள் வீட்டில் இருக்கிறது. உங்கள் மனைவிக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் மனைவி பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு.