‘மாஸ்டர், நீங்களும்தானே வைக்கிறீர்கள்?’

கேள்வி: தேவகோட்டை அருகே எங்கள் ஊர்க் கபடி அணிக்குப் பதினைந்து ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். வயது 46. எங்கள் அணியின் நல்ல ரைடரான 16 வயதுப் பையன், ஆட்டத்துக்கு முன் கீழுதட்டுக்குள் ‘கூல் லிப்’ புகையிலைப் பொட்டலம் வைத்துக்கொள்கிறான். கண்டித்தால், “இதை வைத்தால்தான் சுறுசுறுப்பு வருகிறது மாஸ்டர், நீங்களும்தானே ஹான்ஸ் வைக்கிறீர்கள்?” என்கிறான். புகை இல்லாததால் மூச்சுக்குக் கெடுதல் இல்லை என்றே நானும் நினைத்திருந்தேன். இது ஆட்டத்துக்கு உதவுமா? அவனை எப்படி விடச் செய்வது? ஆடி மாதப் போட்டிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. எனக்கும் இடது கன்னத்தின் உட்புறம் சில மாதங்களாக வெள்ளையாக இருக்கிறது. வலி இல்லை.

பதில்: போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் விலக்கி அந்த இடத்தைப் பாருங்கள். சுத்தமான துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதிலும் வழக்கமாகப் புகையிலையை அடக்கும் அதே இடத்தில் இருக்குமானால், அது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமாக இருக்க வாய்ப்புண்டு. எல்லாத் திட்டுகளும் புற்றாக மாறுவதில்லை. புகையிலையை நிறுத்தியதும் சில வாரங்களில் மறைந்துவிடுபவையும் உண்டு. ஆனால் எது மாறும், எது மறையும் என்பதைக் கண்ணால் பார்த்து எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது. தேவைப்பட்டால் சிறு துணுக்கு எடுத்துத் திசுப் பரிசோதனை செய்தே முடிவுக்கு வர முடியும். வலி இல்லை என்பதை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள், ஏனெனில் இத்தகைய திட்டுகள் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. திட்டின் நடுவே சிவப்பு தெரிகிறதா, தொட்டால் தடிப்பாக இருக்கிறதா, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அளவுக்கு வாய் திறக்கிறதா என்று கவனித்துக்கொண்டு, காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பையன் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் மூளையைச் சற்றே விழிப்படையச் செய்யும். அதனால்தான் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை அதைத் தடைப் பட்டியலில் சேர்க்காவிட்டாலும் 2012 முதல் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் பழகிவிட்ட ஒருவனுக்கு அந்தச் சுறுசுறுப்பின் பெரும்பகுதி, உடலில் நிக்கோட்டின் குறைந்ததால் வந்த மந்தத்தைப் போக்கிக்கொள்வதுதான். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள நிக்கோட்டின் பாதியாகக் குறைந்துவிடும். திருவிழாப் போட்டிகளில் நம் முறை வருவதற்குள் நள்ளிரவாகிவிடுவது உங்களுக்குத் தெரியாததல்ல, அதற்குள் அவன் எத்தனை பொட்டலம் வைப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

புகை இல்லை என்பதால் புகையோடு வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு இல்லை என்பது சரிதான். நுரையீரலுக்கு அந்த அளவில் தப்பித்தோம். இதயம் தப்பவில்லை. நிக்கோட்டின் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றி, தோலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. உடம்பின் சூட்டை வெளியேற்ற அந்தக் குழாய்கள் விரிந்திருக்க வேண்டிய நேரத்தில் இது நடக்கிறது. முப்பது விநாடி மூச்சடக்கிப் பாடிச் செல்பவனுக்கு, ஓடத் தொடங்குமுன்பே துடிப்பு ஏறியிருப்பது எந்த வகையில் உதவி?

இன்னொரு ஆபத்தை யாரும் பேசுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சாக்கோட்டைப் பக்கம் ஒரு திருவிழாப் போட்டியில் முதலுதவிக்காக அமர்ந்திருந்தேன். நான்கு பேர் சேர்ந்து அமுக்கியதில், வாயிலிருந்த பொட்டலத்தை விழுங்கிவிட்ட பையனைத் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்த்து, விக்கலும் வாந்தியுமாக இருந்தான். வயிற்றுக்குள் போனதால் பிழைத்தான். அதே பொட்டலம் மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் நான் கொண்டுபோன பெட்டியில் அதற்கு மருந்து இல்லை. களத்தில் இறங்கும் எவர் வாயிலும் எதுவும் இருக்கக் கூடாது என்பதை அணியின் விதியாகவே வைத்துவிடுங்கள்.

அந்த விதி உங்களுக்கும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களிடம் மெல்லும் புகையிலை நெடுங்காலம் ஆட்டத்தின் அங்கமாகவே இருந்தது. அங்கே கீழ்நிலை லீகுகளில் 1993-இல் தடை கொண்டுவந்தபோது வீரர்களோடு பயிற்சியாளர்களையும் அதில் சேர்த்தார்கள். நம் பக்கத்தில் கல்யாணப் பந்தி முடிந்ததும் வெற்றிலைத் தட்டு வரும் வழக்கம் இருப்பதால், பீடி நாற்றத்துக்கு முகம் சுளிக்கும் வீட்டில்கூட வாயில் அடக்கும் புகையிலை கெட்ட பழக்கமாகக் கணக்கில் வருவதில்லை. அதோடு, “டேய், ஓடிப்போய் ஒரு ஹான்ஸ் வாங்கிட்டு வா” என்று பையன்களை அனுப்பும் பழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சிறாருக்கு அதைக் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்.

பையனை அணியிலிருந்து நீக்கிவிடாதீர்கள். களத்தை விட்டு வெளியேறினால் அவனுக்கு மிஞ்சுவது பெட்டிக்கடைதான். தனியே அழைத்து, “நானும் விடப் போகிறேன், என் வாயைப் பார்” என்று உங்கள் கன்னத்தையே காட்டுங்கள். அவன் வயதுக்கு மருந்தைவிட ஆலோசனையே முதல் வழி. உங்களுக்கு நிக்கோட்டின் சூயிங்கம் உதவக்கூடும், ஆனால் திட்டைப் பரிசோதித்த பிறகு மருத்துவர் சொன்னால் மட்டும் அதைத் தொடங்குங்கள். புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் இருவருமே பேசலாம்.

நிறுத்திய முதல் வாரம், குறிப்பாக இரண்டாம் மூன்றாம் நாட்கள், கடுமையாக இருக்கும்: எரிச்சல் வரும், தூக்கம் கெடும், ஆட்டத்தில் கவனம் சிதறும். அந்த நாட்களில் பயிற்சியைக் குறைத்து, களத்தில் அவன் பிடிபட்டாலும் திட்டாமல் விடுங்கள். பெரும்பாலோருக்கு மூன்று நான்கு வாரங்களில் இது அடங்கிவிடும். ஆகவே ஆறு வாரம் போதிய அவகாசம்தான். போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் வரும் திங்கட்கிழமையே இருவரும் சேர்ந்து நிறுத்தினால், ஆடியில் அவன் வெறும் வாயோடு கோட்டைத் தாண்டிப் பாடுவான்.