போனவர்களை விட்டுவிடலாமா?

கேள்வி: ஒரு கற்பித்தல் முறையைச் சோதிக்க, தரம் 9 மாணவர்கள் 120 பேருடன் ஆய்வு தொடங்கினேன். பின்சோதனைக்கு 84 பேரே வந்தார்கள். மற்றவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிடலாமா?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: நீக்குமுன், போன 36 பேரின் முன்சோதனைப் புள்ளிகளை இருப்பவர்களுடையதோடு ஒப்பிடுங்கள். பலவீனமான பிள்ளைகளே கழன்றிருந்தால் உங்கள் கற்பித்தல் முறை உள்ளதைவிடச் சிறப்பாகத் தெரியும். உங்கள் முறையில் கற்கும் குழு, ஒப்பீட்டுக் குழு என இரண்டிலும் 60 பேர் வீதம் என்றால், இழப்பு 18க்கு 18 ஆக இருந்தால் ஓரளவு தப்பலாம். 30க்கு 6 என்றால் ஒப்பீடே ஆட்டங்காணும். எதுவானாலும் அறிக்கையில் மறைக்காதீர்கள்.

இனி, இறுதியில் 120 பேர் வேண்டுமென்றால், இழப்பான 30 வீதத்தைக் கூட்டி 156 பேரை எடுப்பது பலர் விடும் பிழை, மிஞ்சுவது 109தான். 70 வீதமே மிஞ்சுவதால், 120ஐ 0.7ஆல் வகுத்து 172 பேரைச் சேருங்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் பின்சோதனை வைக்காதீர்கள். பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதும் கடினம்: சிம் மாறும், தாய் வெளிநாடு போவார். சம்மதத்தோடு அம்மம்மாவின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வையுங்கள்.