இழப்பீட்டுச் செலவு ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

கேள்வி: அரசுத் துறை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேலையில் அடிபட்டவர்களுக்குக் கொடுக்கும் இழப்பீடு மூன்று வருடமாக ஏறிக்கொண்டே போகிறது. "பாதிப் பேர் நடிக்கிறார்கள், ஃபைலை இறுக்கிப் பிடியுங்கள்" என்கிறார் மேலதிகாரி. அப்படிச் செய்தால் செலவு குறையுமா?

பதில்: கொஞ்ச நாள் குறைந்ததுபோல் தெரியும். அப்புறம் வழக்கு, வக்கீல் ஃபீஸ் என்று வேறு தலைப்பில் வந்து நிற்கும். நடிப்பவர் யாருமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேடத் தொடங்க வேண்டிய இடம் அது அல்ல.

இந்த ஆண்டு கொடுத்த தொகையை, விபத்து நடந்த ஆண்டு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மாதாமாதம் பணம் தரும் முறை இருந்தால், எப்போதோ முதுகில் அடிபட்டு வேலைக்கே திரும்ப முடியாமல் போனவருக்குத் தருவதும் இன்றைய கணக்கில்தான் ஏறும். இந்த ஆண்டு ஒருவர் விரல்கூட நசுங்கவில்லை என்றாலும் அது இறங்காது. மொத்தத் தொகையைப் பார்த்து இன்றைய ஊழியர்களைச் சந்தேகிப்பது, தாத்தா வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு பேரனை ஊதாரி என்று திட்டுவது மாதிரி.

சரி, இந்தப் பணம் யார் தலையில் விழுகிறது? பொது நிதியிலிருந்து போனால், உடைந்த ஏணியை மாற்றாத அதிகாரிக்கு வலிக்காது. அமெரிக்க மத்திய அரசில், 1916-இல் வந்த சட்டத்தின் கீழ், இப்போது தொழிலாளர் துறை இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அந்தந்தத் துறைக்கே பில் அனுப்புகிறது. நீங்களும் செலவைப் பிரிவுவாரியாகக் காட்டலாம். 'விபத்தே இல்லாத பிரிவு' என்று பரிசு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கட்டுப்போட்ட கையை மறைத்துக்கொண்டு ஆள் வேலைக்கு வருவார்.

விபத்தின் நேரடிச் செலவைப்போல நான்கு மடங்கு மறைமுகமாகப் போகிறது என்று 1931-இல், தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்த ஹெயின்ரிச் என்பவர் எழுதினார். அந்த நான்கைப் பின்னால் வந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மாற்று ஆளுக்கான ஓவர்டைம், நின்றுபோன இயந்திரம், விசாரணையில் கழிந்த நாட்கள் எதுவும் இழப்பீட்டுத் தலைப்பில் வராது என்பது நிஜம்.

ஆண்டுவாரிக் கணக்கோடு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்த விபத்துகளின் பட்டியலையும் மேலதிகாரி முன் வையுங்கள். குணமாகி வருபவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை தரலாமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். முடிவு வராததால் மட்டுமே வீட்டில் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். அதில் இரண்டொரு ஃபைல் உங்கள் மேஜையிலேயே இருக்கலாம்.