வீட்டை விட்டு வந்தவர்தான் குற்றவாளியா?

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை, சாம்பல்தீவுப் பக்கம். பெயர் போட வேண்டாம். கல்யாணம் முடிந்து ஒன்பது வருஷம், ஒரு மகள். கணவர் கட்டாரில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் அடி. கடைசித் தடவை அடித்த பிறகு மகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் செலவுக்கும் அனுப்புவதில்லை.

இப்போது மாமியார் வீட்டார், "நீதான் வீட்டை விட்டுப் போனாய், கோட்டுக்குப் போனால் பிழை உன் பக்கம்தான், அதனால் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக்கொடு, ஆறு மாசத்தில் முடியும்" என்கிறார்கள். யூடியூப்பிலும் பரஸ்பர சம்மதம், ஆறு மாதம் என்றுதான் சொல்கிறார்கள். வேறு சிலர், ஏழு வருஷம் பிரிந்திருந்தால் தானாக விவாகரத்து ஆகிவிடும், பேசாமல் இரு என்கிறார்கள். இங்கே குடும்ப நீதிமன்றம் எங்கே இருக்கிறது? அம்மா என் பெயரில் எழுதிய சீதன வீட்டில் அவருக்குப் பங்கு உண்டா? அவருடைய ஆட்கள் பருத்தித்துறையிலிருந்து வந்தவர்கள். பொங்கலுக்கு அவர் லீவில் வருகிறாராம். பயமாக இருக்கிறது. மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பா பெயரை எடுக்க வேண்டிவருமா?

ஒரு வாசகி

---

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த யூடியூப் வீடியோக்களை மூடி வையுங்கள். தமிழில் விவாகரத்து என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி இந்தியச் சட்டம். பரஸ்பர சம்மதமும் ஆறு மாதமும் அங்குள்ள 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் இருப்பவை. சாம்பல்தீவில் பதிவு செய்த கல்யாணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் சட்டத்தரணி இல்லை. எழுத வருவதற்கு முன் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். விவாகரத்துக் கோப்புகள் நிறையக் கையால் கடந்தன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் கல்யாணம் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: கல்யாணத்துக்குப் பிறகு பிறருடன் தகாத உறவு, வன்ம எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கல்யாணம் நடந்த வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற குறை. "ஒத்துவரவில்லை, இரண்டு பேருக்கும் வேண்டாம்" என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. யாரோ ஒருவர் பிழை செய்தார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கும் மேலான சட்டம் இது. பிரிய நினைக்கும் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி சேறு பூசவைக்கிற சட்டம் என்பதுதான் என் அபிப்பிராயம். இதே தீவில் கண்டியச் சட்டப்படி பதிவு செய்தவர்கள், 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இருவர் சம்மதத்தோடு மாவட்டப் பதிவாளரிடமே விவாகரத்துப் பெறலாம். நமக்கு அந்த வழி இல்லை. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரிகளுக்கு 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும் இருக்கின்றன. அது வேறு பாதை, இன்னொரு கடிதத்தில் பார்ப்போம்.

சரி, உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். வீட்டை விட்டு வந்தவர்தான் கைவிட்டவரா? இல்லை. சட்டம் பார்ப்பது யார் படலையைத் தாண்டினார் என்பதை அல்ல. கல்யாண வாழ்க்கையை முடிக்கும் எண்ணம் யாருடைய நடத்தையில் தெரிகிறது என்பதைத்தான். சேர்ந்து வாழவே முடியாதபடி ஒருவர் அடித்துக் கொடுமைப்படுத்தி, அதனால் மற்றவர் வெளியேறினால், வீட்டில் இருந்தவர்தான் கைவிட்டவர் ஆகிறார். நமது நீதிமன்றங்கள், ஒல்லாந்தர் காலத்திலிருந்து நம் பொதுச் சட்டமாக இருக்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக இதை நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆகவே நீங்கள் வழக்காளியாகப் போய், அவர் கொடுமையால் என்னை வெளியேற்றினார், அவரே கைவிட்டவர் என்று கேட்கலாம். மாமியார் வீட்டார் சொல்வது பாதிச் சட்டம். மற்றப் பாதியை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் உங்களிடம் மறைக்கிறார்கள்.

ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். நம் பெண்களின் வழக்கு தடுமாறுவது இந்த இடத்தில்தான். கன்னம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், டாக்டர் கேட்டால் "பாத்ரூமில் சறுக்கி விழுந்தேன்" என்பார்கள். அது அப்படியே பதிவாகும். வருஷங்கள் கழித்து எதிராளியின் சட்டத்தரணி அந்தத் துண்டை எடுத்து நீட்டுவார். உங்களிடம் என்ன இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டிருந்தால் அதன் பிரதி. அடித்த பிறகு மன்னிப்புக் கேட்டு அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள். பழைய போனை விற்றுவிடாதீர்கள். அன்று இரவு நீங்கள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்த அம்மா, பக்கத்து வீட்டார். பணம் வருவது எந்த மாதத்தோடு நின்றது என்பதைக் காட்டும் வங்கிப் புத்தகம். கடைசியில் சொன்னதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் மூன்று வருஷம் பெற்ற மகளுக்கும் ஒரு சதம் அனுப்பாதவர் "என்னை விட்டுப் போய்விட்டாள்" என்று சொன்னால் அது எடுபடுவது கஷ்டம்.

ஏழு வருஷக் கதை ஊரெல்லாம் உண்டு. அதற்கு வேர் இல்லாமல் இல்லை. குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 608ஆம் பிரிவில் ஏழு வருஷப் பிரிவைப் பற்றி இருக்கிறது. ஆனால் தானாக எதுவும் ஆகாது, வழக்குப் போட வேண்டும். அதோடு 1986இல் உயர் நீதிமன்றம், அந்தப் பிரிவின் கீழ் வந்தாலும் பிழையை நிரூபிக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்னும் நாலு வருஷம் பேசாமல் இருந்தால் நாலு வருஷம்தான் போகும்.

குடும்ப நீதிமன்றம் என்று தனிக் கட்டடம் தேடாதீர்கள். 1978ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தில் அந்தப் பெயர் இருந்தது, பின்னர் அந்த அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம், அவர் ஊருக்குப் போகத் தேவையில்லை. வழக்கு தமிழிலேயே நடக்கும். சட்டத்தரணி வழக்குரையைத் தாக்கல் செய்வார், உங்கள் கணவருக்கு அழைப்பாணை போகும், அவர் பதில் போடுவார், பிறகு எதெல்லாம் தகராறு என்று தீர்மானித்து விசாரணை. ஆள் வெளிநாட்டில் என்றால் அழைப்பாணை போய்ச் சேர்வதே இழுபடும், சரியான முகவரி முக்கியம். அவர் வரவே இல்லையென்றால் ஒருதலைப்பட்ச விசாரணை. அதிலும் நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும். தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தாலும் முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது 3 மாதம் கழிந்துதான் அது முடிந்த முடிபாகும். அந்த இரண்டாவது கட்டளையைச் சட்டத்தரணி எடுத்துத் தந்தாரா என்று கவனியுங்கள். முதல் தாளோடு வீட்டுக்குப் போய், மறுமணப் பதிவுக்கு வந்தபோது முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் நீட்டும் கையெழுத்துத் தாள் என்னவாக இருக்கும்? அவர் வழக்காளியாக, நீங்கள் அவரைக் கைவிட்டதாக ஒரு வழக்கு, நீங்கள் எதிர்க்காமல் ஒதுங்கிக்கொள்வதாக ஒரு சம்மதம். இரண்டு பக்கமும் பேசிவைத்து இப்படி நடத்துவது ஊரில் சாதாரணம். பேசிவைத்துப் பொய்க் காரணம் சொன்னதாக நீதிபதிக்குத் தெரியவந்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சட்டத்தில் இடமுண்டு. தெரியாமல் போனால், பிழை செய்தவர் என்று தீர்ப்பில் நிற்பது உங்கள் பெயர். நிரந்தரத் தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணம், கேட்கும்போது அது இடைஞ்சலாகும். ஆகவே வெற்றுத் தாளிலோ, அவர்கள் பிடித்த சட்டத்தரணிக்கான அதிகாரப் பத்திரத்திலோ கையெழுத்து வைக்காதீர்கள். பேசித் தீர்க்க விருப்பமா, தாராளமாகப் பேசுங்கள். ஆனால் உங்கள் சட்டத்தரணி வேறு, அவருடைய சட்டத்தரணி வேறாக இருக்கட்டும்.

காசு விஷயம் விவாகரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் மகளுக்கு இன்றே கேட்கலாம், உங்களைப் பராமரிக்க உங்களுக்கு வழியில்லை என்றால் உங்களுக்கும் சேர்த்து. உள்ளூரில் சம்பளம் வாங்குபவரென்றால் சம்பளத்திலிருந்தே பிடிக்கக் கட்டளையிட முடியும். கட்டார்ச் சம்பளத்தில் கைவைப்பது கஷ்டம், அதை மறைக்கவில்லை. ஆனாலும் கட்டளை ஒன்று இருந்தால், லீவில் வரும்போது அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

மகளைப் பற்றி, "பிள்ளை எங்கட பிள்ளை" என்று மிரட்டினால் கலங்க வேண்டாம். தந்தைக்கே முதல் உரிமை என்ற ரோமன் டச்சுப் பழக்கம் இருந்தது உண்மை. ஆனால் இன்று நீதிமன்றம் முதலில் கேட்பது பிள்ளையின் நலன் எங்கே என்பதை. மூன்று வருஷமாக உங்களோடு இருந்து ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை இடம் மாற்ற வலுவான காரணம் வேண்டும். அவர் பார்த்துப் போக உரிமை கேட்பார், அது கிடைக்கக்கூடும்.

வீடு. உறுதி உங்கள் பெயரில் என்றால் வீடு உங்களுடையது. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின் பிறகு பொதுச் சட்டத்தில் இதில் சந்தேகமே இல்லை. ஆனால் பருத்தித்துறை என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் ஒரு சிக்கல். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை அவருக்குப் பொருந்துமென்றால், கல்யாணம் நீடிக்கும்வரை நீங்களும் அதற்குள் வருகிறீர்கள். அப்போதும் சீதனம் உங்களுடையதுதான், ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கிய தேடியதேட்டம் வேறு கணக்கு. குடும்பம் எப்போது திருகோணமலைக்கு வந்தது, நிரந்தரமாகக் குடியேறினார்களா என்பதையெல்லாம் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள். விவாகரத்து முடியும்வரை அந்த உறுதியை வைத்து எந்தக் கொடுக்கல் வாங்கலும் வேண்டாம்.

பொங்கலுக்கு வருகிறார் என்பதுதான் எனக்கு அவசரமாகப் படுகிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உடனடி ஆபத்தென்றால் இடைக்காலக் கட்டளை, பிறகு விசாரித்து 12 மாதம் வரைக்கும். அவர் உங்கள் அம்மா வீட்டுக்கோ பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ வராதபடி தடுக்கச் சொல்லலாம். விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டுமென்பதில்லை. அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே பொலிஸின் சிறுவர் பெண்கள் பிரிவிலும், பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் போய்க் கதைத்து வையுங்கள். பெண்களுக்கான உதவித் தொலைபேசி எண்ணான 1938இலும் பேசலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978இல் சட்டம் போட்டு உண்டாக்கியதே வசதி இல்லாதவர்களுக்காகத்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை. போகும்போது விவாகச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வீட்டு உறுதியின் பிரதி, கிராம சேவகரின் வதிவிடக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் கொண்டுபோங்கள்.

பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பா பெயரை எடுக்க வேண்டியதில்லை. விவாகரத்தானாலும் பிறப்புச் சான்றிதழ் மாறாது. பாதுகாவலர் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் போடுங்கள், மகளை யாரோடு அனுப்பலாம், யாரோடு அனுப்பக்கூடாது என்று அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா