ஊசியை நிறுத்தியும் மாதவிலக்கு வரவில்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 27 வயது. பையனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசி ஐந்து தடவை போட்டுக்கொண்டேன். அடுத்த குழந்தை வேண்டும் என்று ஜனவரி ஊசியோடு நிறுத்திவிட்டேன். ஆகஸ்ட் வந்தும் மாதவிலக்கு வரவில்லை. என் நாத்தனார் ‘மாலா-என்’ கருத்தடை மாத்திரையை நிறுத்திய இரண்டாம் மாதமே கர்ப்பமாகிவிட்டார். “ஊசியால் கர்ப்பப்பை சுருங்கிவிடும், கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும்” என்கிறார் மாமியார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு மாதவிலக்கை வரவைக்கலாமா?

பதில்: ஜனவரியில் போட்ட ஊசி ஏப்ரல் வரை வேலை செய்யும். அதனால் நீங்கள் ஏழு மாதம் என்று எண்ணுவது உண்மையில் நாலு மாதம்தான். அந்தராவில் இருப்பது 150 மில்லிகிராம் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து. தசைக்குள் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் இது. மூன்று மாதம் முடிந்த மறுநாளே துடைத்துவிட்டாற்போல் போய்விடாது. மிச்சம் மீதி இன்னும் சில மாதம் ரத்தத்தில் இருக்கும். மாலா-என் அப்படியல்ல. தினமும் விழுங்கும் மாத்திரை சில நாட்களில் உடலைவிட்டு வெளியேறிவிடும். பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாதவிலக்கு திரும்பிவிடும். நாத்தனாரோடு உங்களை ஒப்பிட வேண்டாம்.

இந்த ஊசி போட்டுக்கொள்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு வருடத்தில் மாதவிலக்கே நின்றுபோகும். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் சமிக்ஞையை மருந்து அடக்கிவைப்பதால் கருமுட்டை வெளிவருவதில்லை. கருப்பையின் உள்சவ்வும் தடிக்காமல் மெல்லியதாகவே இருக்கிறது. சவ்வு வளர்ந்தால்தானே அது உரிந்து உதிரம் போக? உள்ளே எதுவும் தேங்கவில்லை, கர்ப்பப்பையும் சுருங்கவில்லை. மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஊசியை நிறுத்திக் கருத்தரித்தவர்களைப் பார்த்தால், கடைசி ஊசியிலிருந்து சுமார் 10 மாதத்தில் பாதிப்பேர் கர்ப்பமாகியிருக்கிறார்கள். 18 மாதத்துக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். ஐந்து ஊசி போட்டதால் தாமதம் ஐந்து மடங்கு கூடும் என்ற பயமும் வேண்டாம். எத்தனை ஊசி என்பதைப் பொறுத்து இந்தத் தாமதம் நீளுவதில்லை.

மெடிக்கல் மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மாத்திரையும் புரோஜெஸ்டிரோன் வகைதான். ஊசியில் போனதையே மறுபடி வாயால் விழுங்குகிறீர்கள். சவ்வு மெல்லியதாக இருக்கும்போது உதிரம் வராமலும் போகலாம். வந்தாலும் அது கருமுட்டை வெளிவந்ததன் அடையாளம் அல்ல, மாத்திரையை நிறுத்தியதால் வரும் உதிரம். பப்பாளியும் எள்ளுருண்டையும் பிடித்தால் சாப்பிடுங்கள், வைத்தியமாக அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு கிட் வாங்கிக் காலைச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவந்து, மாதவிலக்கைப் பார்க்காமலேயே கர்ப்பமாகும் பெண்கள் உண்டு. ‘இல்லை’ என்று வந்தால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். குழந்தைக்கு முயல்வதால் போலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும் இப்போதே தொடங்கலாம்.

மாதவிலக்கு திரும்பும்போது முதலில் சொட்டுச் சொட்டாக, தேதி தவறி வரலாம். சில சுற்றுகள் போன பின்தான் ஒழுங்குக்கு வரும். வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக மாறினால் கருமுட்டை வெளிவரும் நாள் நெருங்குகிறது. அந்த நாட்களில் சேர்ந்திருங்கள்.

வரும் ஜனவரி வரை, அதாவது கடைசி ஊசி போட்டு ஒரு வருடம் ஆகும்வரை, காத்திருக்கலாம். அப்போதும் வராவிட்டால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின், ஸ்கேன் பார்ப்பார். ஊசிக்கு முன்பே உங்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வந்துகொண்டிருந்ததென்றால் அவ்வளவு நாள் பொறுக்க வேண்டாம். நீர்க்கட்டித் தொல்லை அப்போதே இருந்து, ஊசியால் வெளியே தெரியாமல் போயிருக்கலாம். முகத்தில் முடி கூடுவது, பால் கொடுக்காதபோதே மார்பில் பால் கசிவது, ஓயாத தலைவலியோடு பார்வை மங்குவது ஆகியவற்றுக்கும் உடனே போங்கள். பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்து ஒருபக்க அடிவயிறு வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போகும்போது ஊசி போட்ட இடத்தில் கொடுத்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். கடைசி ஊசியின் தேதிதான் மருத்துவர் முதலில் கேட்பது.