வெள்ளை ஸ்விஃப்டுக்குக் கருப்பு: மேலேயா, கீழேயா?

கன்னங்குறிச்சி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னுடையது 2013 ஸ்விஃப்ட், சாதா வெள்ளை. ஏற்காட்டில் எஸ்டேட் வேலை என்பதால் வாரத்தில் நாலைந்து நாள் மலை ஏறி இறங்குகிறேன். வீட்டில் ஷெட் இருக்கிறது, மேலே சில்வர் ஓக் நிழலில் நிற்கும். வண்டியைக் கருப்பு வெள்ளையாக மாற்ற ஆசை. பழைய ஜப்பான் கார் மாதிரி கீழ்ப்பாதியில் கருப்பு அடிக்கலாமா, இல்லை கூரை மட்டும் போதுமா? பானெட்டையும் சேர்க்கலாமா?"

கூரையும் இரண்டு மிரரும் கருப்பாகட்டும். மற்றதை அப்படியே விடுங்கள்.

நீங்கள் சொல்லும் ஜப்பான் ஜோடி 1983இல் வந்த டொயோட்டா ஏ.ஈ.86 காரால் பிரபலமானது. பாண்டா என்றே அந்தக் கருப்பு வெள்ளை ஜோடிக்குப் பேர். அந்த வண்டி பெட்டி போன்ற உடம்பு, பக்கவாட்டில் கோடு நேராக ஓடும். ஸ்விஃப்டின் கதவு உப்பலானது. அதன் நடுவில் கருப்பு வெள்ளையைப் பிரித்தால், எவ்வளவு கவனமாக டேப் ஒட்டினாலும் கோடு கோணலாகத்தான் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் ரோடு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் எதிரே பஸ் வந்தால் ஓரத்துச் செடியை உரசித்தான் ஒதுங்க வேண்டும். டயர் தெறிக்கும் பொடிக்கல் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இடத்தைக் கொத்தும். வெள்ளையில் அது கண்ணுக்கே படாது. கருப்பில் ஒவ்வொரு கொத்தும் வெளிறிய புள்ளியாக நிற்கும்.

கருப்புக் கூரை என்றதும் எல்லோரும் வெயிலைத்தான் கேட்கிறார்கள். கருப்பு அதிகம் சூடாகும், அது உண்மைதான். சேலத்து வெயிலில் நாள் முழுக்கத் திறந்தவெளியில் நிற்கும் வண்டியென்றால் நானே வேண்டாம் என்பேன், ஏனென்றால் படுத்திருக்கும் பாகங்களில்தான் கிளியர் கோட் (நிறத்துக்கு மேலே அடிக்கும் பளபளப்புப் பூச்சு) முதலில் வெளுத்து உரியும். உங்களுக்கு இரண்டு இடத்திலும் நிழல் இருக்கிறது. பறவை எச்சம்தான் உங்கள் தலைவலி. காய விட்டால் கிளியரை அரித்துத் தடம் பதித்துவிடும்; ஈரத்துணியால் ஊறவைத்து எடுங்கள், சுரண்ட வேண்டாம்.

இனி, இந்த வேலையில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய இடம்: கோடு. உங்கள் கூரையின் இரு ஓரமும் நீளமாக ஒரு கருப்பு பீடிங் ஓடுகிறது அல்லவா, கருப்பு அங்கேயே நிற்கட்டும். முன் கண்ணாடித் தூண் ஏற்கெனவே கருப்பாக இருந்தால் கூரையோடு தானாகச் சேர்ந்துகொள்ளும். பின் கதவுக்குப் பின்னால் உள்ள தடித்த தூணை வெள்ளையாகவே விடுங்கள். புது மாடலைப் பார்த்து அதையும் கருப்பாக்கினால் முடிக்க ஒரு மடிப்பு கிடைக்காமல் பெயின்டர் நடுவெளியில் கோடு போடுவார். பீடிங், ஆன்டெனா, மிரர் மூடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பீடிங்கைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்த வண்டியில், ஆறு மாதத்தில் அதன் ஓரத்திலிருந்து பெயின்ட் செதிலாகக் கிளம்பும். டெலிவரி எடுக்கும்போது பின் டிக்கியைத் திறந்து கூரை விளிம்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் படியில் தடுக்கினால் பெயின்ட் விளிம்பு எழும்பி நிற்கிறது, 2000 நம்பர் உப்புத்தாள் போட்டு பாலிஷ் செய்யாமல் கொடுத்திருக்கிறார்கள்.

நிறம் மெட்டாலிக் இல்லாத சாதா கருப்பு. உங்கள் சாதா வெள்ளைக்குப் பக்கத்தில் மினுமினுப்பு வைத்தால் வேறொரு வண்டியின் கூரையைப் பிடுங்கி மாட்டியது போல இருக்கும்.

பானெட் வேண்டாம். கொத்து விழுவதில் முதல் இடம் அதுதான். மூக்கும் கருப்பாகிவிட்டால் ஸ்விஃப்ட் இன்னும் சின்னதாகத் தெரியும்.

பெயின்டா ஃபிலிமா என்றும் அடுத்து கேட்பீர்கள். கூரையில் இருப்பது கம்பெனி பெயின்ட், பளபளப்பும் போகவில்லை என்றால் ஃபிலிம் ஒட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். இடையில் ரீபெயின்ட் ஆன கூரையென்றால் ஃபிலிமை உரிக்கும்போது பெயின்டும் கூடவே வரலாம். அதற்கு பெயின்ட் பூத்தில் (மூடிய பெயின்ட் அறையில்) வைத்து பேஸ் என்னும் நிறப்பூச்சும் அதன் மேல் கிளியரும் அடிப்பதே மேல். எது செய்தாலும் போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடாதீர்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் கருப்பின் மேல் வட்ட வட்டமாகக் கறை வைக்கும்.

வேலைக்குக் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கேளுங்கள். ஆர்.சி.யில் நிறம் எழுதியிருக்கிறது, மாற்றத்தை அதில் ஏற்றிக்கொள்வது நல்லது. இன்சூரன்ஸுக்கும் ஒரு மெயில். உங்கள் வண்டிக்கு 15 வருடப் பதிவு 2028இல் முடிகிறது. புதுப்பிக்கக் கொண்டுபோய் நிறுத்தும் அன்று, ஆர்.சி.யில் வெள்ளை, எதிரே கருப்புக் கூரை என்று நின்றால் அலைச்சல் உங்களுக்குத்தான்.