கடையைக் காலி செய்யச் சொன்னால் வாடகை நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

கடை உரிமையாளர் காலி செய்யச் சொல்கிறார், வழக்கு எப்படித் தீர்மானிக்கப்படும் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் (உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுப்பது) வீட்டுக்கும் கடைக்கும் பொது. வழக்கு வாடகை நீதிமன்றத்துக்குப் போகும். மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்கு.

முதல் கேள்வியே எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா என்பதுதான். பல வருடம் வாய்ப்பேச்சிலேயே கடை நடத்தியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் போடாததே வெளியேற்றக் காரணமாகலாம். அடுத்தது வாடகைப் பாக்கி, அனுமதியில்லாத உள்வாடகை, உரிமையாளரின் சொந்தத் தேவை. இரண்டு மாதப் பாக்கி இருந்தால் நோட்டீஸ் வரும்; ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் தப்பிக்கலாம். அதனால் வாடகையைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள். ரசீது இல்லாத பணத்தை நிரூபிப்பது பெரும் பாடு.